இல்லத்தின் வாசலும் காவலரின் சோதனையும்

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர் 1941-ஆம் ஆண்டில் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டார். அவருக்கு எதிராகச் சான்று எதுவும் இல்லை என்று கண்டு காவல்துறையினரே அவரை விடுவித்தனர். கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. அவர் பெயரில் குற்ற வரலாற்று ஏடு ஒன்று தொடங்கப்பட்டது. அதன்பின் ஊர்க்காவலர்களும் காவலர்களும் இரவு நேரங்களில் அவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவதும், உரத்த குரலில் அழைப்பதும், சில வேளைகளில் உள்ளே நுழைந்து அவர் இருக்கிறாரா என்று பார்ப்பதும் வாடிக்கையாயின. கடுங்குளிர் காலத்திலும் அவர் எழுந்து வந்து முகம் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் அம்மாநிலக் காவல்துறை ஒழுங்குவிதிகளில் 236-ஆம் விதி இடமளித்தது. அதில் 'இல்லங்களுக்கு இரவு வருகை' என்பது கண்காணிப்பு முறைகளுள் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தது.

கரக் சிங் உச்ச நீதிமன்றத்தை நாடினார். ஆறு நீதிபதிகள் அடங்கிய அமர்வு 1962 டிசம்பர் 18 அன்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார். இரவு வருகைக்கு இடமளித்த விதிப்பகுதி செல்லாது என்று அத்தீர்ப்பு கூறிற்று. ஒரு மனிதனின் வீட்டினுள் அனுமதியின்றி நுழைவதும் அவன் உறக்கத்தைக் கலைப்பதும் நாகரிகச் சமுதாயத்தில் மனித விடுதலையின் அடிப்படையையே மீறுவதாகும் என்பது அதன் சாரம். ஆனால் அதே தீர்ப்பு, அந்தரங்க உரிமை என்பது நம் அரசமைப்பில் உறுதியளிக்கப்பட்ட உரிமையன்று என்றும் சொல்லி, ஏனைய கண்காணிப்பு முறைகளை நிலைநிறுத்திற்று. உடன்படாத இரு நீதிபதிகளுள் ஒருவர் கே. சுப்பா ராவ். அவரும் முன்னொரு காலத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரே. அந்தரங்கம் தனிமனித விடுதலையின் இன்றியமையாத கூறு என்றும், முழு விதியும் வீழ வேண்டும் என்றும் அவர் எழுதினார். இரவில் கதவைத் தட்டுவது தவறு, ஆனால் அந்தரங்க உரிமை இல்லை என்னும் இம்முரண்பாடு ஐம்பத்தைந்து ஆண்டுகள் இந்தியச் சட்டத்தில் தீராமல் இருந்தது.

அரசு ஒருவர் இல்லத்தினுள் எப்போது நுழையலாம், எப்படி நுழையலாம், முறை தவறி நுழைந்தால் விளைவு என்ன என்னும் மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம். வாசகர்களிற் பலர் இதனை மேனாட்டார் நமக்குக் கற்பித்த கருத்தாக எண்ணக்கூடும். ஆதலால் சற்றுப் பின்னோக்கிச் செல்வது பயன் தரும்.

அல்குர்ஆனின் இருபத்து நான்காவது அத்தியாயமாகிய ஸூரத்துந் நூரில் 27, 28 ஆகிய வசனங்கள், பிறர் இல்லங்களில் இசைவு பெற்று, அங்குள்ளோருக்கு ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்றும், திரும்பிச் செல்லுங்கள் என்று கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் பணிக்கின்றன. வீட்டில் ஒருவரும் இல்லையென்றாலும் இசைவு கிடைக்கும்வரை நுழையலாகாது. அதே அத்தியாயத்தின் 58-ஆவது வசனம் இன்னும் நுட்பமானது. வைகறைத் தொழுகைக்கு முன்பும், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வு கொள்ளும் போதும், இரவுத் தொழுகைக்குப் பின்பும் வீட்டிலுள்ள பணியாளரும் சிறுவருங்கூட இசைவு கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. இந்த இசைவு கேட்டலை 'இஸ்திஃதான்' என்பர். நாற்பத்தொன்பதாவது அத்தியாயத்தின் 12-ஆவது வசனம் 'தஜஸ்ஸுஸ்' எனப்படும் துருவி ஆராய்தலைத் தடுக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் அறை வாயிலிலிருந்த துளை வழியாக ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்த செய்தியை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார். இசைவு கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று நபியவர்கள் அப்போது உணர்த்தினார்கள். இதனை நாம் ஊன்றி நோக்க வேண்டும். காலடி வைப்பது மட்டும் நுழைவன்று, கண் வைப்பதும் நுழைவே. இக்காலச் சட்டவியல் மிகப் பிற்பட்டே வந்தடைந்த கருத்து இது. அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாசலில் மும்முறை இசைவு கேட்டு, மறுமொழி வராததால் திரும்பிச் சென்ற நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. ஏன் திரும்பினீர் என்று உமர் வினவ, மும்முறைக்கு மேல் கேட்கலாகாது என்னும் நபிமொழியை அவர் எடுத்துரைக்கிறார். அதற்குச் சாட்சி கொண்டு வாரும் என்கிறார் கலீஃபா. அபூ ஸஈத் அல் குத்ரீ (ரலி) சாட்சியளிக்கிறார்.

நம் சொற்பொழிவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் மற்றொரு செய்தி, உமர் (ரலி) இரவில் மதீனாவின் தெருக்களில் உலாவி வந்தபோது ஒரு வீட்டினுள் கேட்ட குரலால் ஐயுற்று மதிலேறிக் குதித்த நிகழ்ச்சி. உள்ளே ஒரு மனிதன் மதுவுடன் இருந்தான். உமர் கடிந்துரைக்கவே அவன், தான் செய்த குற்றம் ஒன்று என்றும், கலீஃபா செய்தவை மூன்று என்றும் விடையிறுத்தான். துருவி ஆராய்ந்தது ஒன்று, வாசல் வழியே வராமல் மதிலேறி வந்தது இரண்டு, இசைவும் ஸலாமும் இன்றி நுழைந்தது மூன்று. கலீஃபா அவனை மன்னித்துத் திரும்பினார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இதனை எடுத்தாள்கிறார். இதன் அறிவிப்புத் தொடர் முறிவுடையது என்று ஹதீஸ் கலை வல்லுநர் சிலர் கருதுவதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் இதனைச் சொல்லி வந்திருப்பது, ஆட்சியாளனும் வாசலில் நின்று கேட்க வேண்டியவனே என்னும் எண்ணம் அவர்களிடம் ஊன்றியிருந்ததைக் காட்டுகிறது.

அவ்வாறாயின் வீட்டின் நான்கு சுவர்களுக்குள் எது நடந்தாலும் அரசு கைகட்டி நிற்க வேண்டுமா? கி.பி. 1058-இல் மறைந்த இமாம் மாவர்தீ தம் 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' நூலில் ஹிஸ்பாப் பொறுப்பாளர் பற்றிய பகுதியில் இதற்கு விடையளிக்கிறார். வெளிப்படாத குற்றங்களைத் தேடித் துருவும் அதிகாரம் முஹ்தஸிபுக்கு இல்லை. ஆனால் ஒருவன் மற்றொருவனைக் கொலை செய்யும் நோக்குடன் தனியிடத்துக்குக் கொண்டு சென்றிருக்கிறான் என்று நம்பகமான ஒருவர் செய்தி கொண்டு வந்தால், தாமதித்தால் ஈடு செய்ய இயலாத தீங்கு நேரும் என்றால், அப்போது அவர் நுழைந்து ஆராயலாம். செய்தியின் நம்பகத்தன்மை, தாமதத்தால் வரும் இழப்பு ஆகிய இவ்விரு நிபந்தனைகளையும் வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அவற்றின் சாயலை மீண்டும் காண்போம். இங்கிருந்து அங்கே சென்றது என்று நாம் கூற வரவில்லை. அப்படிக் கூறுவதற்கு வரலாற்றுச் சான்று வேண்டும். ஒரே இடர்ப்பாட்டை எதிர்கொண்ட இரு சட்ட மரபுகள் ஏறத்தாழ ஒரே விடையை அடைந்தன என்பதே நாம் காட்ட விழைவது.

ஆங்கிலேயச் சட்டம் 1604-ஆம் ஆண்டின் ஸெமெய்ன் வழக்கில், அரசனின் ஆள் கதவை உடைக்கும் முன் தான் வந்த நோக்கத்தைத் தெரிவித்துத் திறக்குமாறு கேட்க வேண்டும் என்று வகுத்தது. 1762-இல் ஜான் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டில், அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு தந்த ஆணையுடன் நுழைந்த நால்வர் நான்கு மணி நேரம் பெட்டிகளை உடைத்துத் தாள்களை அள்ளிச் சென்றனர். என்டிக் வழக்குத் தொடுத்தார். நீதிபதி கேம்டன் பிரபு 1765-இல் அவ்வாணை சட்டத்தில் எங்கும் இடம்பெறாத ஒன்று, ஆகவே வெறும் அத்துமீறல் என்று தீர்த்தார். இன்னது இன்ன இடத்தில் என்று குறிப்பிடாத பொது ஆணைகளின் மீதிருந்த வெறுப்பே 1791-இல் அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தமாக உருவெடுத்தது.

நம் அரசமைப்பை இயற்றியோர் அத்தகைய பிரிவு ஒன்றைச் சேர்க்கவில்லை. இதன் விளைவு விரைவிலேயே புலப்பட்டது. டால்மியா ஜெயின் ஏர்வேஸ் நிறுவனத்தைப் பற்றிய புலனாய்வில் 1953 நவம்பரில் ஒரே நேரத்தில் 34 இடங்களில் சோதனையிட ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. அவ்வழக்கு எம்.பி. சர்மா எதிர் சதீஷ் சந்திரா என்னும் பெயரில் எட்டு நீதிபதிகளின் முன் வந்தது. 1954 மார்ச்சில் வந்த தீர்ப்பு, சோதனையிடும் அதிகாரம் சமூகப் பாதுகாப்புக்காக அரசிடம் உள்ள மேலோங்கிய அதிகாரம் என்றும், அரசமைப்பை இயற்றியோர் அமெரிக்கத் திருத்தத்தைப் போன்ற ஒன்றை ஏற்காதபோது அதனை வலிந்து உட்புகுத்த நியாயமில்லை என்றும் கூறிற்று. ஆக, இந்தியாவில் வீட்டுக்குப் பாதுகாப்பு அரசமைப்பிலிருந்து வரவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சாதாரணப் பிரிவுகளிலிருந்தே வந்தது. அப்பிரிவுகளை நாம் அறிந்திருப்பது இதனாலேயே முதன்மையாகிறது.

1973-ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டம் 2024 ஜூன் 30 வரை நடப்பில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துள்ளது. சோதனை பற்றிய பிரிவுகள் பெரும்பாலும் எண் மாறினவே தவிரப் பொருள் மாறவில்லை. வாசகர் வசதிக்காகப் புதிய எண்களையே முதன்மையாகத் தருகிறோம்.

வாரண்டு இன்றிக் காவலர் வீட்டினுள் வர இயலாது என்று நம்மிற் பலர் நம்புகின்றனர். திரைப்படங்கள் வளர்த்துவிட்ட நம்பிக்கை அது. உண்மையில் சோதனை இருவகைப்படும். முதலாவது, குற்றவியல் நடுவர் பிறப்பிக்கும் வாரண்டின் வழி நடப்பது. 96-ஆம் பிரிவின்படி (பழைய 93), அழைப்பாணை அனுப்பினாலும் ஒருவர் ஆவணத்தையோ பொருளையோ ஒப்படைக்கமாட்டார் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும், அல்லது அது யாரிடம் இருக்கிறதென்று தெரியாதிருக்க வேண்டும், அல்லது பொதுவான சோதனை விசாரணைக்கு உதவும் என்று மன்றம் கருத வேண்டும். எந்த இடம், எந்தப் பகுதி என்று வாரண்டில் குறித்துக் கட்டுப்படுத்தவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. அப்படிக் குறித்திருந்தால், குறித்ததற்கு அப்பால் காவலர் செல்லலாகாது.

இரண்டாவது வகையே நடைமுறையில் மிகுதி. 185-ஆம் பிரிவு (பழைய 165), காவல் நிலையப் பொறுப்பு அலுவலரோ புலனாய்வு அலுவலரோ வாரண்டு இல்லாமலே சோதனையிட இசைவளிக்கிறது. ஆனால் நிபந்தனைகள் உள்ளன. தாம் புலனாயும் குற்றத்துக்குத் தேவையான பொருள் அவ்விடத்தில் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். வேறு வழியில் தேவையற்ற தாமதமின்றி அதைப் பெற இயலாதென்று அவர் கருத வேண்டும். இவ்விரண்டுமே மாவர்தீ கூறிய நிபந்தனைகளுக்கு அருகில் நிற்பவை. எனினும் மாவர்தீ கொலை போன்ற மீளாத் தீங்கை மட்டும் கருதினார், நம் சட்டமோ காவல்துறை புலனாயும் எந்தக் குற்றத்துக்கும் இவ்வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. மூன்றாவதாக, தம் நம்பிக்கைக்கான காரணத்தையும் தேடும் பொருள் இன்னதென்பதையும் சோதனைக்கு முன்பே எழுத்தில் பதிய வேண்டும். அப்பதிவின் படியை உடனடியாக, எவ்வாறாயினும் 48 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள நடுவருக்கு அனுப்ப வேண்டும். 48 மணி நேரம் என்னும் வரம்பு புதிய சட்டம் சேர்த்தது. வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் அப்படியைக் கட்டணமின்றிப் பெறலாம். இவ்வுரிமை பலருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் கேட்கத் தயங்குகின்றனர்.

எழுத்தில் பதிதல் என்பது வெறும் சடங்கா? இராஜஸ்தான் அரசு எதிர் ரஹ்மான் என்னும் வழக்கு இதற்கு விடை. புகையிலை தொடர்பான கலால் சோதனைக்கு வந்த அலுவலர்களை வீட்டுக்காரர் தடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அலுவலர்களோ காரணத்தை முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. காரணத்தைப் பதிதல் சோதனையின் முதன்மையான படி, அது இல்லையேல் சோதனையே சட்டப்படியானதன்று என்று உச்ச நீதிமன்றம் 1959-இல் கூறி, அவர் விடுதலையை உறுதி செய்தது. இதைப் படித்துவிட்டு எவரும் வாசலில் காவலரைக் கையால் தடுக்க முற்பட வேண்டா. எழுத்துப் பதிவு உண்டா இல்லையா என்பது வாசலில் நிற்கும்போது நமக்குத் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து மன்றத்திலேயே தெரியவரும். சொல்லால் கேட்பதும், மறுப்பை எழுத்தில் தெரிவிப்பதுமே அறிவுடைமை.

சோதனை நடத்தும் முறையை 103-ஆம் பிரிவு (பழைய 100) வகுக்கிறது. அவ்வட்டாரத்தைச் சேர்ந்த, சார்பற்ற, மதிப்புடைய இருவரோ அதற்கு மேற்பட்டோரோ சாட்சிகளாக அழைக்கப்பட வேண்டும். அவ்வட்டாரத்தில் கிடைக்காவிடில் வேறிடத்திலிருந்து அழைக்கலாம். எழுத்து மூலம் அழைத்தும் தக்க காரணமின்றி வர மறுப்பது குற்றம். கைப்பற்றிய ஒவ்வொரு பொருளும் எங்கே கிடைத்தது என்ற குறிப்புடன் பட்டியல் எழுதப்பட்டுச் சாட்சிகள் ஒப்பமிட வேண்டும். குடியிருப்பவர் அல்லது அவர் சார்பில் ஒருவர் சோதனை முழுதும் உடனிருக்க உரிமை உடையவர். பட்டியலின் படி அவருக்குத் தரப்பட வேண்டும். ஒரு பெண்ணின் உடலைச் சோதிக்க நேர்ந்தால் மற்றொரு பெண்ணே நாணம் காத்துச் செய்ய வேண்டும். சோதனைக்கு வருவோர் நுழையும் முன் தம்மைச் சோதித்துக்கொள்ள வீட்டாருக்கு வாய்ப்பளிப்பதும் நெடுநாளைய முன்னெச்சரிக்கை. பொருளை அவர்களே கொண்டு வந்து வைத்தார்கள் என்னும் ஐயம் எழாதிருக்க அது உதவும்.

இப்பட்டியலுடன் எழுதப்படும் ஆவணத்தைத் தமிழகத்தில் 'மகஜர்' என்கிறோம். அரபியில் 'மஹ்ளர்' என்றால் முன்னிலை. காழிகளின் மன்றங்களில் இருதரப்பாரின் முன்னிலையில் நடந்தவற்றைப் பதிந்த ஏட்டுக்கும் அதுவே பெயர். வக்கீல், ஜாமீன், கைதி, ஜப்தி என நம் நீதிமன்றத் தாழ்வாரங்களில் அன்றாடம் ஒலிக்கும் இச்சொற்களின் வேர் அரபியில் உள்ளது. மகஜர் என்ற சொல்லின் பொருளை நினைவிற்கொண்டால், சாட்சிகள் முன்னிலையில் இல்லாமல் காவல் நிலையத்தில் அமர்ந்து எழுதி, பிறகு ஒப்பம் வாங்கும் தாளுக்கு அப்பெயர் பொருந்தாது என்பது விளங்கும். அத்தகைய தாள்கள் எழுதப்படுவதும், ஒரே ஆள் வழக்குக்கு வழக்கு சாட்சியாக வருவதும் வழக்கறிஞர்கள் அனைவரும் அறிந்ததே.

இன்னொரு பிரிவையும் இங்கே குறிப்பிட வேண்டும். கைது செய்யப்பட வேண்டியவரைத் தேடி ஓரிடத்தில் நுழைவது பற்றிய 44-ஆம் பிரிவு (பழைய 47), வழக்கப்படி வெளியார் முன் வராத பெண் ஒருவர் குடியிருக்கும் அறையாயின், அவர் விலகிச் செல்லலாம் என்று முன்னறிவிப்புத் தந்து, விலகுவதற்கு நியாயமான வசதி அனைத்தையும் செய்து தந்த பின்னரே அவ்வறையை உடைத்து நுழையலாம் என்கிறது. பொருளைத் தேடும் சோதனைக்கும் இதே முறை பொருந்துமாறு 103-ஆம் பிரிவு இணைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இந்நாட்டு இல்லங்களின் பர்தா வழக்கத்தைக் கண்டு எழுதிய விதி இன்றும் உயிருடன் உள்ளது. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளை ஒட்டிக் குறுகிய முடுக்குகள் விடப்பட்டிருப்பதைக் கண்டவர்களுக்கு, ஓர் ஊரின் அமைப்பே இந்த மதிப்பைச் சுற்றி எழ முடியும் என்பது தெரியும். நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் அதிகாலையில் சோதனை நடந்தபோது, பெண்கள் தலைத்துணி எடுத்துக்கொள்ளவும் நேரம் தரப்படவில்லை. எந்தப் பொருளும் கிடைக்கவில்லை. எவர் மீதும் வழக்கும் இல்லை. சட்டம் அந்த நேரத்தைத் தர ஆணையிடுகிறது என்று பின்னர் நாம் கூறியபோது, வீட்டுத் தலைவர் அதனை நம்ப மறுத்தார்.

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். இவ்விதிகள் மீறப்பட்டால் என்ன நேரும்?

இதுதான் நம் சட்டத்தின் நலிந்த இடம். அமெரிக்காவில் 1961-ஆம் ஆண்டின் மாப் வழக்குக்குப் பின், முறை தவறிய சோதனையில் கிடைத்த பொருளை மாநில நீதிமன்றங்களும் சான்றாக ஏற்பதில்லை. அவ்விதிக்குப் பின்னாளில் விலக்குகள் பல ஏற்பட்டன என்பது வேறு. இந்தியா ஆங்கிலேய வழியைப் பின்பற்றிற்று. தபால்காரர் ஒருவர் வீட்டில் பதிவுத் தபால்கள் கைப்பற்றப்பட்ட ராதாகிஷன் வழக்கில், சோதனை முறையற்றது என்றே கொண்டாலும் கைப்பற்றியது கெட்டுவிடாது, சான்றைக் கூர்ந்து ஆராய வேண்டும் என்பதே விளைவு என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. வருமான வரிச் சோதனை பற்றிய பூரன்மல் வழக்கில் 1973 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் இதனை உறுதியாக நிறுவினர். சான்று பொருத்தமானதா என்பதே கேள்வி, அது எவ்வழியில் கிடைத்தது என்பதன்று என்றனர். அம்முடிவுக்கு அவர்கள் துணை கொண்டவற்றுள் ஒன்று, அந்தரங்க உரிமை இல்லை என்ற எம்.பி. சர்மா தீர்ப்பு.

மதிலேறிக் குதித்த கலீஃபாவின் செய்தியை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மது கண்ணெதிரே இருக்கிறது. கண்டவர் நாட்டின் தலைவர். ஆயினும் கண்ட முறை பிழையானதால் அவர் திரும்பிச் செல்கிறார். இதிலிருந்து முறையற்ற சான்றை விலக்கும் முழுமையான கோட்பாட்டை ஃபிக்ஹு அறிஞர்கள் அனைவரும் வகுத்தார்கள் என்று நாம் மிகைபடக் கூறமாட்டோம். ஆனால் 'கிடைத்துவிட்டதே, பிறகென்ன' என்னும் வாதத்தை அச்செய்தி ஏற்கவில்லை என்பது தெளிவு.

ஆளில்லாத வாசலை விட்டு ஆவணங்களின் பக்கம் திரும்பிய ஒரு தீர்ப்பும் இடையில் வந்தது. ஆந்திரப் பிரதேச அரசு முத்திரைத்தாள் சட்டத்தின் 73-ஆம் பிரிவைத் திருத்தி, எவர் கையிலுள்ள ஆவணத்தையும் ஆராயப் பரந்த அதிகாரம் தந்திருந்தது. கனரா வங்கி தொடர்பான வழக்கில் 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை வீழ்த்திற்று. அந்தரங்கம் இடத்தைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்தது என்றும், வாடிக்கையாளரின் தாள்கள் வங்கியில் இருப்பதால் அவர் அந்தரங்கம் போய்விடாது என்றும் கூறிற்று. பின்னர் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அரசமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். எம்.பி. சர்மா, கரக் சிங் ஆகிய இரு தீர்ப்புகளும் அவ்வுரிமையை மறுத்த அளவில் தள்ளப்பட்டன. அரசு இனி அந்தரங்கத்தில் தலையிட வேண்டுமாயின், அதற்குச் சட்டம் இருக்க வேண்டும்; முறையான நோக்கம் இருக்க வேண்டும்; நோக்கத்துக்கு ஏற்ற அளவை மீறாதிருக்க வேண்டும்.

அப்படியானால் பூரன்மல் தீர்ப்பு நின்ற தளமே சரிந்துவிட்டதல்லவா என்று வினவத் தோன்றும். நாமும் அவ்வாறே கருதுகிறோம். ஆனால் பூரன்மல் தீர்ப்பைப் புட்டசாமி அமர்வு வெளிப்படையாக நீக்கவில்லை. கீழ் மன்றங்கள் பழைய விதியையே பின்பற்றி வருகின்றன.

சிறப்புச் சட்டங்கள் வந்துவிட்டால் நிலை மேலும் மாறுகிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையில் நுழைவதற்கும் இரவில் நுழைவதற்கும் வேறுபாடு காட்டுகிறது. வாரண்டு பெறக் காத்திருந்தால் சான்று மறைக்கப்படும் என்னும் காரணத்தைப் பதிந்த பின்னரே இரவில் நுழையலாம். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் 2008-இல் சேர்க்கப்பட்ட 43ஏ பிரிவோ பகலாயினும் இரவாயினும் சோதனையிடலாம் என்று ஒரே தொடரில் கூறிச் செல்கிறது. ஸூரத்துந் நூர் மூன்று நேரங்களைத் தனித்துக் குறித்ததன் அருமை இத்தொடரைப் படிக்கும்போது புலனாகும்.

சோதனையின் இலக்கும் மாறிவிட்டது. முன்பு பீரோவையும் பரணையும் தேடினர். இன்று முதலில் கேட்கப்படுவது கைப்பேசி. ஒரு குடும்பத்தின் கடிதங்கள், ஒளிப்படங்கள், மருத்துவக் குறிப்புகள், வங்கிக் கணக்கு அனைத்தும் அதனுள் உள்ளன. என்டிக்கின் பெட்டிகளில் இருந்ததைவிட எத்தனையோ மடங்கு மிகுதி. இதழாளர்களின் கருவிகளைக் கைப்பற்றுவது பற்றிய வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இதற்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று ஒன்றிய அரசிடம் கூறிற்று. வீட்டைச் சோதிக்க எழுதிய விதி கைப்பேசிக்குப் போதாது என்பது நம் கருத்து. எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்று முன்பே குறிக்க வேண்டும் என்ற 185-ஆம் பிரிவின் நிபந்தனை, கருவி கையில் வந்ததும் பொருளிழந்துவிடுகிறது.

கரக் சிங்கின் கதவும் முற்றிலும் பழங்கதையாகிவிடவில்லை. குற்ற வரலாற்று ஏட்டில் பெயருள்ள ஒருவரின் வீட்டுக்கு இரவில் சென்ற காவலர், அவர் வெளியே வர மறுத்ததற்காக வழக்குப் பதிந்தனர். 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் அவ்வழக்கை நீக்கி, கண்காணிப்பு என்ற பெயரில் அகால வேளையில் கதவைத் தட்டக் காவலருக்கு உரிமையில்லை என்றது. 1962-இல் சொன்னதை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

புதிய சட்டத்தின் பெரிய மாற்றம் 105-ஆம் பிரிவு. சோதனை முழுவதும், பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் ஒப்பமிடுவதும் உட்பட, ஒலி ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்வதே விரும்பத்தக்கது என்கிறது சட்டம். அப்பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். பொய் மகஜருக்கு இது நல்ல தடை என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், வீட்டின் உள்ளறைகளும் அங்குள்ள பெண்களும் சிறுவரும் ஓர் அலுவலரின் கைப்பேசியில் பதிவாகின்றனர். பார்வையின் பொருட்டே இசைவு என்ற நபிமொழியை அறிந்தவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் தெரியாமல் போகாது. அப்பதிவின் படியை வீட்டாருக்குத் தர வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொல்லவில்லை. எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. வழக்குத் தொடரப்பட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் தமக்கெதிரான ஆவணங்களுடன் சேர்த்து அதைக் கேட்கலாம். எதுவும் கிடைக்காமல், வழக்கும் இல்லாமல் போன வீட்டார், 185-ஆம் பிரிவின்படி எழுத்துப் பதிவின் படிக்கு நடுவரிடம் விண்ணப்பிக்கும்போதே, ஒலி ஒளிப் பதிவு வந்து சேர்ந்ததா என்றும் அவ்விண்ணப்பத்தில் கேட்டு வைப்பது நலம்.